விடுதி வைஃபையின் கொள்ளளவைக் கூட்டுவது எப்படி?

கல்லூரி விடுதி ஒன்றின் வைஃபையைப் பராமரிக்கும் பொறுப்பு உங்களிடம் புதிதாக வந்திருந்தால், முதல் வாரத்திலேயே ஒரு குறை உங்கள் காதுக்கு வந்துவிடும்: சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் இரவு ஒன்பது மணிக்கு எதுவுமே திறப்பதில்லை. இதைக் கேட்டதும் பலர் இணையத் திட்டத்தை உயர்த்துவார்கள், அல்லது அதிக ஆன்டெனாக்கள் கொண்ட ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டுவார்கள். சிக்னல் எட்டுவது வேறு, நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது வலையமைப்பு தாங்குவது வேறு என்பதைப் பிரித்துப் பார்க்காத வரை, இந்தச் செலவுகளில் பெரும்பகுதி வீணாகவே போகும்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் மூன்று தளங்களும் ஏறத்தாழ 300 மாணவர்களும் உள்ள விடுதி ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். நூலகம், பயிற்சி மையம், சிறிய அலுவலகம் ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும். எண்கள் மட்டுமே மாறும்.

தொடங்கும் முன்: காற்றில் நேரம்தான் பங்கிடப்படுகிறது

ஒரு வைஃபை சேனலில், அதாவது வைஃபை பயன்படுத்தும் ஓர் அலைவரிசைத் துண்டில், ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு கருவிதான் பேச முடியும். ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) பேசும்போது செல்பேசிகள் காத்திருக்க வேண்டும். ஒரு செல்பேசி பேசும்போது மற்ற அனைத்தும், ஆக்சஸ் பாயின்ட் உட்பட, காத்திருக்க வேண்டும். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய பாலத்தைப் போன்றது இது. பாலத்தில் கட்டை வண்டி ஒன்று ஏறிவிட்டால் பின்னால் நிற்கும் கார்களின் வேகத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.

கணக்காகவே பார்க்கலாம். 1500 பைட் அளவுள்ள ஒரு தரவுப் பொதியில் 12,000 பிட்கள் இருக்கின்றன. நொடிக்கு 144 மெகாபிட் வேகத்தில் இணைந்திருக்கும் லேப்டாப் அதை அனுப்ப 0.1 மில்லி விநாடிக்கும் குறைவான நேரமே எடுக்கும். கடைக்கோடி அறையிலிருந்து 6 மெகாபிட் வேகத்தில் இணைந்திருக்கும் செல்பேசிக்கு அதே பொதியை அனுப்ப 2 மில்லி விநாடி ஆகும். 1 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டால் 12 மில்லி விநாடி. தூரத்தில் இருக்கும் ஒருவர் பார்க்கும் ஒரு காணொளி அருகில் இருக்கும் பலருக்கான நேரத்தைத் தின்றுவிடுவது இப்படித்தான். எனவே கொள்ளளவைக் கூட்டுவது என்றால், ஒவ்வொரு கருவியும் காற்றில் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறைப்பதும், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாத சேனல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஆகும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

முதல் படி: அடைப்பு எங்கே என்று அளந்து பாருங்கள்

அளக்காமல் எதையும் வாங்க வேண்டாம். அளவையும் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் எடுக்க வேண்டும்; காலை பதினொரு மணிக்கு மாணவர்கள் வகுப்பில் இருக்கும்போது எடுக்கும் அளவு உங்களை ஏமாற்றும்.

முதலில் ஒரு லேப்டாப்பை கேபிள் மூலம் பிரதான ரவுட்டரில் நேரடியாக இணைத்து இணைய வேகத்தைச் சோதியுங்கள். அங்கேயே வேகம் இல்லையென்றால் அடைப்பு இணைய இணைப்பில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை வைஃபையைத் தொடுவதில் பயனில்லை. அங்கே வேகம் நன்றாக இருந்தால், அடுத்ததாக இணையத்தை விட்டுவிட்டுக் காற்றை மட்டும் அளக்க வேண்டும். ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளை கேபிளில் இணைந்த கணினி ஒன்றிலும் வைஃபையில் இணைந்த லேப்டாப் ஒன்றிலும் நிறுவி, இரண்டுக்கும் இடையே எவ்வளவு தரவு போகிறது என்று பாருங்கள். அதோடு, வைஃபையில் இருந்தபடி ரவுட்டரின் முகவரிக்கு ஒரு நிமிடம் பிங் (விடை திரும்பி வர ஆகும் நேரத்தை அளக்கும் சிறு கட்டளை) அனுப்புங்கள். நெரிசல் இல்லாத காற்றில் விடை சில மில்லி விநாடிகளில் வந்துவிடும். அது நூறு, இருநூறு என்று துள்ளினால் அடைப்பு காற்றில்தான் இருக்கிறது.

செல்பேசியில் ஏதேனும் ஒரு வைஃபை அனலைசர் செயலியை நிறுவிக்கொண்டு ஒவ்வொரு தளத்திலும் நடந்து பாருங்கள். எந்த இடத்தில் எந்தச் சேனல்களில் எத்தனை ஆக்சஸ் பாயின்ட்கள் கேட்கின்றன, அவற்றின் சிக்னல் அளவு எத்தனை டிபிஎம் (சிக்னல் வலுவை அளக்கும் அலகு) என்பதைக் கட்டடத்தின் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு எதிர்மறை எண்ணாக வரும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க வலுவானது. காணொளி அழைப்பு தடையின்றி நடக்க −67 டிபிஎம் அல்லது அதைவிட வலுவாக இருக்க வேண்டும் என்பது துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. செல்பேசித் திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. நல்ல ஆக்சஸ் பாயின்ட்களின் நிர்வாகப் பக்கத்தில் சேனல் பயன்பாட்டு விழுக்காடும், அதாவது சேனல் எவ்வளவு நேரம் நிரம்பியிருக்கிறது என்பதும், தெரியும். நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

இரண்டாம் படி: தேவையைக் கணக்கிடுங்கள்

300 மாணவர்களுக்குச் செல்பேசியும் லேப்டாப்புமாக 600 கருவிகள் என்று வைத்துக்கொள்வோம். இவை எல்லாமே இணைந்திருந்தாலும், உச்ச நேரத்தில் ஏறத்தாழ நூறு கருவிகள்தான் தொடர்ந்து தரவை இழுக்கும் என்றும், ஒவ்வொன்றுக்கும் 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) வேண்டும் என்றும் கொண்டால், மொத்தத் தேவை 400 எம்பிபிஎஸ். பழையதும் புதியதுமான கருவிகள் கலந்திருக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் ஒன்று, நடைமுறையில் 60 முதல் 80 எம்பிபிஎஸ் வரை தரும் என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால், ஒன்றோடொன்று மோதாத ஆறு சேனல்களாவது ஒரே நேரத்தில் உழைக்க வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த ஒற்றை ரவுட்டராலும் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பது இந்தச் சிறு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘ஏஎக்ஸ் 3000’ என்று விற்கப்படும் கருவியில் அந்த 3000 என்பது, 2.4 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கும் 574 எம்பிபிஎஸ்ஸையும் 5 கிகாஹெர்ட்ஸில் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கிடைக்கும் 2402 எம்பிபிஎஸ்ஸையும் கூட்டி முழுமையாக்கிய எண். சாதாரண வைஃபை 6 செல்பேசி ஒரு நேரத்தில் இரண்டில் ஒரு அலைவரிசையில்தான் இணையும். 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஏற்காத செல்பேசிகளும் ஏராளம். விடுதியில் அவ்வளவு அகலமான சேனலை வைப்பதும் தவறு. கடைக்காரர் அந்த எண்ணைக் காட்டிப் பேசும்போது புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

மூன்றாம் படி: காசு செலவழிக்காமல் காற்றைத் துப்புரவு செய்யுங்கள்

புதிய கருவி வாங்கும் முன் இருப்பதைச் சரிசெய்வதிலேயே கணிசமான கொள்ளளவு கிடைக்கும். புதியவர்கள் மிக அதிகமாகத் தாண்டிச் செல்லும் படியும் இதுதான்.

நகர்த்த முடியாத கருவிகளைக் காற்றிலிருந்து கேபிளுக்கு மாற்றுங்கள். பொது அறைத் தொலைக்காட்சி, கண்காணிப்பு கேமராக்கள், வார்டன் அலுவலகக் கணினி, பிரின்டர் ஆகியவை வைஃபையில் இருக்க எந்தக் காரணமும் இல்லை. குறிப்பாக, நாள் முழுவதும் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும் கேமராக்கள் யாரும் கவனிக்காமலேயே காற்றைப் பிடித்து வைத்திருக்கும்.

அடுத்து, வைஃபை பெயர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். மாணவர், ஊழியர், விருந்தினர், அலுவலகம், கேமரா என்று ஐந்து பெயர்களை வைத்துக்கொள்வது ஒழுங்காகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வோர் ஆக்சஸ் பாயின்ட்டும் 102.4 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். இந்த அறிவிப்புகள் எல்லாக் கருவிகளுக்கும் புரிய வேண்டும் என்பதால் மிகக் குறைந்த வேகத்தில் போகும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்த வேகம் 1 மெகாபிட்டாக இருந்தால், 250 பைட் அறிவிப்பு ஒன்றுக்கு 2 மில்லி விநாடிக்குச் சற்று அதிகமாக ஆகும். ஒரு பெயருக்கு மட்டும் காற்றின் நேரத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு. ஐந்து பெயர்களுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டும். அதே சேனலில் மூன்று ஆக்சஸ் பாயின்ட்கள் ஒன்றுக்கொன்று கேட்கும் தூரத்தில் இருந்தால், ஒரு மாணவர்கூட எதையும் திறக்காத நிலையிலேயே மூன்றில் ஒரு பங்கு நேரம் போய்விட்டிருக்கும். இரண்டு பெயர்கள் போதும்; மிஞ்சினால் மூன்று.

இதே காரணத்தால் பழைய குறைந்த வேகங்களையும் முடக்க வேண்டும். 1, 2, 5.5, 11 மெகாபிட் ஆகிய நான்கும் 1999இல் வந்த 802.11பி என்ற வைஃபை தரநிலையின் காலத்தவை. இவற்றை நீக்கி, குறைந்தபட்ச வேகத்தை 12 மெகாபிட் என்று வைத்தால், மேலே சொன்ன அறிவிப்புகளின் சுமை பன்மடங்கு குறையும். எங்கோ தொலைவில் ஒட்டிக்கொண்டிருக்கும் செல்பேசிகளும் அருகிலுள்ள ஆக்சஸ் பாயின்ட்டைத் தேடத் தொடங்கும். மிகப் பழைய கருவி ஏதேனும் இணைய மறுத்தால் அதற்கு மட்டும் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். ஒரு பழைய கருவிக்காக 600 கருவிகளைக் காக்க வைக்கக் கூடாது.

ரிப்பீட்டர்கள் எங்கேனும் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒவ்வொரு பொதியையும் இருமுறை காற்றில் ஏற்றுகிறது. எட்டும் தூரத்தைக் கூட்டிக் கொள்ளளவைப் பாதியாக்கும் கருவி அது. மாணவர்கள் தங்கள் அறைகளில் தாங்களாகவே வைத்திருக்கும் சிறு ரவுட்டர்களும் செல்பேசி ஹாட்ஸ்பாட்களும் இதே வகைத் தொல்லைதான். ஆனால் வைஃபை சரியாக வேலை செய்யத் தொடங்கினால் அவை தாமாகவே மறைந்துவிடும், அதற்கு முன் தடை உத்தரவு போட்டுப் பயனில்லை.

நான்காம் படி: சேனல்களைத் திட்டமிடுங்கள்

2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் தெரிந்தாலும் அவை ஒன்றின் மேல் ஒன்று படிந்தவை. மோதாமல் பயன்படுத்தக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே. கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று 3 அல்லது 8ஐத் தேர்ந்தெடுத்தால் இரு பக்கத்துக்கும் இரைச்சலாகிவிடுவீர்கள். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள். மூன்று சேனல்களைக் கொண்டு பெரிய கொள்ளளவு எதையும் கட்டிவிட முடியாது என்பதால், 2.4ஐப் பழைய கருவிகளுக்கு ஒதுக்கிவிட்டு, கனமான பயன்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுவதே நல்லது. ஆக்சஸ் பாயின்ட்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒன்றுவிட்டு ஒன்றில் 2.4 ரேடியோவை அணைத்தே விடலாம்.

உண்மையான இடம் 5 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. இந்தியாவில் 2018 அக்டோபரில் வெளியான அறிவிக்கையின்படி 5150 முதல் 5350 மெகாஹெர்ட்ஸ் வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்தால் இருபதுக்கும் மேற்பட்ட சேனல்கள் கிடைக்கும். பல கருவிகள் ஆலையிலிருந்து வரும்போதே 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருக்கும். வீட்டுக்கு அது சரி. விடுதியில் 80 வைத்தால் நான்கு சேனல்களை ஒருவரே விழுங்குவதாகும், பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்டுக்குத் தனிச் சேனல் மிஞ்சாது. 20இல் தொடங்குங்கள்; ஆக்சஸ் பாயின்ட்கள் குறைவாக உள்ள தளத்தில் மட்டும் 40ஐ முயன்று பாருங்கள். வேகச் சோதனைச் செயலியில் தனி ஒருவருக்கு வரும் எண் இதனால் குறையும். வேகம் குறைந்துவிட்டது என்று யாரேனும் சொல்லத்தான் செய்வார்கள். இரவு ஒன்பது மணிக்கு வந்து சோதிக்கச் சொல்லுங்கள்.

52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், கருவி பொதுவாக ஒரு நிமிடம் ரேடார் சிக்னல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இயங்கத் தொடங்கும். இடையில் ரேடாரைக் கண்டால் சேனலை மாற்றிக்கொள்ளும். விமான நிலையமோ வானிலை ரேடாரோ அருகில் இல்லாத ஊர்களில் இவற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பலர் இவற்றை ஒதுக்கிவிட்டு 36, 149 ஆகியவற்றிலேயே நெருக்கியடித்துக்கொள்வதால் இவை பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன.

6 கிகாஹெர்ட்ஸைப் பொறுத்தவரை, 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் குறைந்த ஆற்றல் பயன்பாட்டுக்கு உரிமவிலக்கு அளிக்கும் வரைவு விதிகளை இந்தியா 2025 மே மாதத்தில் வெளியிட்டது. வாங்கும் நாளில் நடப்பிலுள்ள விதியையும் கருவிக்குரிய ஒப்புதலையும் பார்த்து முடிவு செய்யுங்கள். மாணவர்களின் கையில் அதை ஏற்கும் செல்பேசிகள் எத்தனை என்பதும் கணக்கில் வர வேண்டும்.

ஐந்தாம் படி: ஆக்சஸ் பாயின்ட்களைக் கூட்டி, ஆற்றலைக் குறையுங்கள்

பெரும்பாலான விடுதிகளில் ஆக்சஸ் பாயின்ட்கள் நடைபாதையின் கூரையில் வரிசையாகத் தொங்கும். கேபிள் இழுக்க எளிது, பார்க்கவும் அழகு. ஆனால் நீண்ட நடைபாதையில் தடையே இல்லாததால் அவை எல்லாம் ஒன்றையொன்று முழு வலுவில் கேட்கும். மாணவர் இருப்பதோ செங்கல் சுவருக்கும் மூடிய கதவுக்கும் இரும்பு பீரோவுக்கும் அப்பால். சிக்னல் 10 டெசிபெல் இழந்தால் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும் என்பதை நினைவில் வைத்தால், இந்த இடம் எவ்வளவு தலைகீழானது என்பது விளங்கும். இயன்றவரை அறைகளுக்குள்ளேயே, மூன்று நான்கு அறைகளுக்கு ஒன்று என்ற அளவில், நடைபாதையின் இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். அப்போது சுவர்களே ஒரு ஆக்சஸ் பாயின்ட்டை இன்னொன்றிடமிருந்து பிரித்து உங்களுக்கு உதவும். மேல் தளத்தில் உள்ளதைக் கீழ்த் தளத்தில் உள்ளதற்கு நேர் மேலே வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். அருகருகே இருக்கும் இரண்டுக்கு ஒரே சேனல் வரக் கூடாது.

ஆற்றலை உச்சத்தில் வைக்க வேண்டாம். ஆக்சஸ் பாயின்ட் உரக்கக் கத்தினால் செல்பேசிக்குக் கேட்கும். ஆனால் செல்பேசியின் மெல்லிய குரல் ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கேட்காது. முழுக் கோடுகள் தெரிந்தும் எதுவும் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். 5 கிகாஹெர்ட்ஸில் 14 முதல் 17 டிபிஎம் வரை, 2.4இல் அதைவிட 6 டெசிபெல் குறைவாக வைத்துத் தொடங்கி, நடந்து அளந்து திருத்துங்கள். அறைக்கு அறை நகரும் செல்பேசிகள் இடறாமல் மாற 802.11கே, 802.11வி வசதிகளை இயக்குங்கள், இதே வேலைக்கான 802.11ஆர் வசதி சில பழைய கருவிகளோடு ஒத்துப்போகாது என்பதால், முதலில் ஒரு தளத்தில் மட்டும் சோதித்துப் பாருங்கள்.

ஆறாம் படி: பின்னணியில் இருக்கும் கேபிளும் முகவரிகளும்

ஒவ்வோர் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் தனிக் கேபிள் வேண்டும். கேட் 6 போதும், நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கேபிள் வாங்கும்போது ஒரு முனையை வெட்டி, உள்ளே இருக்கும் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளை நிறமும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை மலிவு, ஆனால் கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும்போது சூடாகி, நீண்ட தூரத்தில் மின்னழுத்தம் குறைந்து, ஆக்சஸ் பாயின்ட் காரணமே தெரியாமல் மீண்டும் மீண்டும் அணைந்து எழும். தூய செம்புக் கம்பியையே கேட்டு வாங்குங்கள். கேபிள்கள் வந்து சேரும், அவற்றின் வழியே மின்சாரமும் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்சின் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும் பழைய வகை, பல வைஃபை 6 ஆக்சஸ் பாயின்ட்களுக்குப் போதாது; 30 வாட் தரும் 802.3ஏடி வகையைத் தேர்ந்தெடுத்து, எல்லாப் போர்ட்களுக்கும் சேர்த்து ஸ்விட்ச் தரும் மொத்த வாட்டையும் பாருங்கள். ஸ்விட்சை யுபிஎஸ்ஸில் இணைத்தால் எல்லா ஆக்சஸ் பாயின்ட்களும் அதன் பாதுகாப்புக்குள் வந்துவிடும். இல்லையென்றால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அவை எழுந்து, ரேடார் சேனல்களில் ஒரு நிமிடம் கேட்டு முடித்த பிறகே வேலையைத் தொடங்கும்.

இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் ஐபி முகவரி கொடுக்க வேண்டும். சிறிய ரவுட்டர்களில் வழக்கமாக இருக்கும் ஐபி முகவரிகள் 254க்கு மேல் போகாது. 600 கருவிகள் வந்தால், இணைந்தது போலக் காட்டும், ஆனால் முகவரி கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இதை வைஃபை கோளாறு என்று நினைத்து ஆக்சஸ் பாயின்ட்டை மாற்றியவர்கள் உண்டு. முகவரிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் சப்நெட் மாஸ்க்கை 255.255.252.0 என்று மாற்றினால் 1022 முகவரிகள் கிடைக்கும். முகவரியைக் கருவி வைத்திருக்கும் கால அளவையும் ஒரு நாளிலிருந்து நான்கு மணி நேரமாகக் குறையுங்கள். கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதைத் தடுக்கும் வசதியை மாணவர் பெயரில் இயக்கிவிட்டால், தேவையற்ற கூவல்கள் குறையும், பாதுகாப்பும் கூடும். ஒருவருக்கு 10 முதல் 15 எம்பிபிஎஸ் வரை உச்சவரம்பு வைப்பது நியாயமானது. 1 எம்பிபிஎஸ் என்று இறுக்குவதால் காற்றில் மிச்சமாவது சொற்பம், மாணவர்களின் எரிச்சல்தான் மிஞ்சும்.

ஏழாம் படி: மாற்றிய பின் மீண்டும் அளந்து பாருங்கள்

எல்லா மாற்றங்களையும் ஒரே நாளில் செய்துவிட்டால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒரு தளத்தில், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்து, அன்றிரவு உச்ச நேரத்தில் முதல் படியில் எடுத்த அதே அளவுகளை அதே இடங்களில் எடுத்து, தேதியோடு குறித்து வையுங்கள். எந்த ஆக்சஸ் பாயின்ட்டில் எந்தச் சேனல், எவ்வளவு ஆற்றல், கேபிள் ஸ்விட்சின் எந்தப் போர்ட்டில் முடிகிறது என்பதையும் அதே குறிப்பேட்டில் எழுதி, ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்குள் ஒரு படி ஒட்டிவிடுங்கள்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை சேனல் பயன்பாட்டு விழுக்காட்டைப் பார்த்தால் போதும். ஏதேனும் ஓர் ஆக்சஸ் பாயின்ட்டில் அது உச்ச நேரத்தில் தொடர்ந்து 60 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த இடத்தில் முதலில் புதிதாக முளைத்த ரவுட்டர் அல்லது கேமரா எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அங்கே இன்னோர் ஆக்சஸ் பாயின்ட்டைச் சேர்த்து, அதைச் சுற்றியுள்ளவற்றின் சேனலையும் ஆற்றலையும் மறுபடி ஒழுங்குபடுத்துங்கள்.